டீஹியூமிடிஃபையரில் தண்ணீர் சேரவில்லை, உதவி தேவை

தைவானில் சின்ச்சுவில் இருக்கேன். ரெண்டு வாரமா டீஹியூமிடிஃபையர் (அறைக் காத்துல இருக்கிற ஈரத்தை எடுக்கிற மெஷின்) தண்ணியே பிடிக்கல. ஃபேன் ஓடுது, கம்ப்ரஸர் உறுமுது, தொட்டி மட்டும் காலி. முன்னாடி ஒரு ராத்திரிக்கு ரெண்டு லிட்டர் வரும்.

ஒரு நாளைக்கு 12 லிட்டர் வரை எடுக்கிற மாடல், 110 வோல்ட். மூணு வருஷம் முன்னாடி தைபேயில் குவாங்ஹுவா எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் பக்கம் செகண்ட் ஹேண்டில் எடுத்தது (கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிச்ச பிறகுதான் புத்தி வந்துச்சு).

ஃபில்டர் கழுவியாச்சு. தொட்டி மிதவையை ஆட்டிப் பார்த்தாச்சு. ஒரு நாள் முழுக்க பிளக்கைப் பிடுங்கியும் வெச்சேன். பின்மூடியைக் கழட்டினா, குளிர்விக்கிற காயிலில் கீழ் ரெண்டு வரிசையில் மட்டும் பனி படிஞ்சிருக்கு. மேலே தொட்டா குளிர்ச்சியே இல்ல. அறையில் 27 டிகிரி, ஈரப்பதம் 84 சதவீதம். ஷூவெல்லாம் பச்சை பூத்துடுச்சு.

உள்ளே குளிர்விக்கிற கேஸ் கசிவுன்னுதான் சந்தேகம். இந்தச் சின்ன மெஷினுக்கு கேஸ் ஏத்தினவங்க யாராவது இருக்கீங்களா, அதுக்கப்புறம் எத்தனை நாள் ஓடுச்சு?