ஊசிக்கு முன் பூனையின் சர்க்கரை குறைந்திருந்தால் இன்சுலின் போடலாமா?

கேள்வி (உதகை): எங்கள் ஒன்பது வயதுப் பூனைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 2 யூனிட் கிளார்ஜின் இன்சுலின் போடுகிறோம். இன்று காலை ஊசிக்கு முன் குளுக்கோமீட்டர் 110 காட்டியது. உணவிலும் பாதியை விட்டுவிட்டது. குளிரில் காதிலிருந்து இரத்தம் எளிதில் வருவதுமில்லை. என்ன செய்வது?

பதில் (கோத்தகிரி): ஊசியை நிறுத்திவைத்து, மருத்துவரைக் கேளுங்கள் ஐயா. சரியாகச் சாப்பிடாத பூனைக்கு முழு அளவு போட்டால் சர்க்கரை அபாயமாகத் தாழக்கூடும். ஒரு வேளை விடுபடுவதால் வரும் கேடு அதைவிடக் குறைவு. மனிதருக்கான மீட்டர் பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும் என்றாலும், அதை நம்பித் துணிய வேண்டாம். வேறொரு நாள், ஊசிக்குப் பின் இரண்டு மணிக்கொரு தரம் பார்த்து, எவ்வளவு தாழ்கிறது என்று எழுதிக் காட்டினால்தான் அளவை மாற்றுவது பற்றி அவர் முடிவெடுக்க முடியும்.

பதில் (குன்னூர்): வெந்நீரில் பிழிந்த துணியைக் காது மடலில் அரை நிமிடம் வைத்து, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, ஓர இரத்தக்குழாய்க்கு வெளிப்புறமாகக் குத்துங்கள். பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. ஜனவரிக் காலைகளில் எங்கள் மீட்டர் போர்வைக்குள்தான் இருக்கும். சிரிஞ்சையும் பாருங்கள்: கிளார்ஜினுக்கு யூ-100 (ஒரு மில்லிக்கு 100 யூனிட் கணக்கில் கோடிட்டது) வேண்டும். ஒரு முறை யூ-40 (மில்லிக்கு 40 யூனிட்) சிரிஞ்சில் ஏற்றிவிட்டதால் இரண்டரை மடங்கு மருந்து போய், தள்ளாடிய பூனையின் ஈறில் தேனைத் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடினோம்.