நீக்கிய ஜாவா பேக்கேஜ் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் ஆகிறது

எங்கள் தொழிற்சாலை கடலூர் சிப்காட்டில், கிளை அலுவலகம் வில்லியனூரில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கான்பிகரேஷன் மேனேஜர் (கணினிகளுக்கு மென்பொருளை ஒரே இடத்திலிருந்து அனுப்பும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) சர்வர், வெர்ஷன் 2403. கணினிகள் எல்லாம் விண்டோஸ் 10, 22ஹெச்2.

மூன்று வாரமாக வில்லியனூரில் 9 கணினிகளில் மட்டும், யாரும் அனுப்பாமலே பழைய ஜாவா 8 பேக்கேஜ் இறங்குகிறது. கடலூரில் ஒன்றில்கூட இல்லை. இறங்கியதும் கணக்குப் பிரிவில் டிஜிட்டல் கையெழுத்து வேலை செய்வதில்லை. ஜிஎஸ்டி தாக்கல் நெருங்கும்போது இது நடந்தால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பேக்கேஜுக்கு இருந்த ஒரே டெப்ளாய்மென்டை (எந்தக் கணினிகளுக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டளை) முதல் வாரமே நீக்கிவிட்டேன். அது குறிவைத்த கணினிப் பட்டியலான கலெக்‌ஷனிலும் இந்த 9 பெயர்கள் இல்லை. மெஷின் பாலிசியை (சர்வரிலிருந்து கணினிக்கு வரும் கட்டளைகள்) புதுப்பித்தேன், சிசிஎம் கேஷை (இறங்கிய பேக்கேஜ்கள் தங்கும் ஃபோல்டர்) காலி செய்தேன், ஜிபிரிசல்ட் (குரூப் பாலிசி அறிக்கை) எடுத்துப் பார்த்தேன். குரூப் பாலிசி வழியாக எதுவும் வரவில்லை. ஒரு கணினியில் கான்பிகரேஷன் மேனேஜர் கிளையன்ட்டையே கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டேன். இரண்டு நாள் அமைதி. அப்புறம் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டது.

கிடைத்த ஒரே தடயம்: எக்செக்எம்ஜிஆர் லாகில் (கணினியில் பேக்கேஜ்கள் ஓடியதைப் பதியும் லாக்) பேக்கேஜ் ஐடி சரியாக இருக்கிறது, ஆனால் அதோடு வரும் டெப்ளாய்மென்ட் ஐடி கன்சோலில் தேடினால் கிடைப்பதில்லை. வேறு ஏதோ புரோகிராமில் 'முதலில் இதை ஓட்டு' என்று இந்த ஜாவா கோர்க்கப்பட்டிருக்குமோ என்று சந்தேகம். டாஸ்க் சீக்வென்ஸ்களை (பல வேலைகளை வரிசையாக ஓட்டும் பட்டியல்கள்) இன்னும் பார்க்கவில்லை.

கன்சோலில் இல்லாத ஒரு டெப்ளாய்மென்ட் ஐடி எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எங்கே தேட வேண்டும்?