ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: சூடேற ரொம்ப நேரம் ஆகுது, அடியில தண்ணி வேற தேங்குது, என்ன செய்யலாம்?

ஈரத்தரை:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல 200 லிட்டர் ஹீட் பம்ப் போட்டு எட்டு மாசம் ஆகுது, நாங்க அஞ்சு பேர். முதல் நாலஞ்சு மாசம் ஒரு குறையும் இல்ல, பழைய கீசர் இழுத்த கரன்ட்ல பாதி கூட ஆகல. இப்போ ஒரு மாசமா காலைல மூணாவது ஆள் குளிக்கப் போறப்பவே தண்ணி வெதுவெதுன்னு ஆகிடுது, டிஸ்ப்ளேல எலிமென்ட் (கீசர்ல மாதிரி கரன்ட்ல நேரா சூடேத்துற கம்பி) லைட் அடிக்கடி எரியுது. கூடவே டாங்குக்கு அடியில தினமும் ஒரு சொம்பு அளவுக்கு தண்ணி தேங்குது, டாங்கே ஓட்டையாகிடுச்சோன்னு பயமா இருக்கு. மாட்டிக் கொடுத்தவர் "கேஸ் இறங்கியிருக்கும், வந்து ஏத்தித் தரேன்"னு சொன்னதோட சரி, ரெண்டு வாரமா ஆளைக் காணோம். மெஷின் இருக்கிறது துணி துவைக்கிற ரூம்ல, 6க்கு 5 அடி, உயரம் 9 அடி, சத்தம் ஹால் வரைக்கும் வருதுன்னு கதவை எப்பவும் சாத்தியே வச்சிருப்போம். செட்டிங் 45 டிகிரி. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கம்ப்ரசர்காரன்:
சார், கேஸ் ஏத்த உடனே விடாதீங்க. இது ஃப்ரிட்ஜ் மாதிரி சீல் பண்ணின லைன், எங்கயாவது கசிஞ்சாதான் குறையும், கசிவைக் கண்டுபிடிக்காம ஏத்தினா ஏத்தினது மறுபடி போயிடும்.

முதல்ல ரூமைப் பாருங்க. 6, 5, 9 பெருக்கினா 270 கன அடிதான் வருது. பெரும்பாலான மேனுவல்ல 700லருந்து 1000 கன அடி வரைக்கும் கேப்பாங்க. ஏன்னா இந்த மெஷின் சூட்டை உண்டாக்கல, ரூம் காத்துல இருக்கிற சூட்டை இழுத்து தண்ணிக்குள்ள தள்ளுது, வெளிய வர்ற காத்து ஜில்லுன்னு வரும். கதவு சாத்தின சின்ன ரூம்ல அதே ஜில் காத்தையே திரும்பத் திரும்ப இழுத்தா எடுக்கிறதுக்கு சூடு எங்க இருக்கும்? ஒரு கட்டத்துல முடியாம எலிமென்ட்டை போட்டுக்கும்.

கணக்கு பாருங்க, 200 லிட்டரை 25லருந்து 55 டிகிரிக்கு ஏத்த கிட்டத்தட்ட 7 யூனிட் சூடு வேணும். எலிமென்ட்ல போனா 7 யூனிட்டும் கரன்ட்தான். ஹீட் பம்ப் நல்லா ஓடினா அதே வேலைக்கு சுமார் 2.3 யூனிட் போதும், ஆனா 500 வாட் கம்ப்ரசர்னா நாலரை மணி நேரம் கிட்ட எடுத்துக்கும். அவசரப்படுத்தாம ஓட விடணும், அதனால ராத்திரியே ஏத்தி வச்சிடுங்க.

ரெண்டு நாள் கதவைத் திறந்து வச்சுப் பாருங்க. சரியாச்சுன்னா கோளாறு மெஷின்ல இல்ல. மேலயும் கீழயும் காத்து போற மாதிரி லூவர் கதவு போடுங்க, இல்லன்னா டக்ட் வச்சு ஜில் காத்தை வெளிய விடுங்க.

மாடிப்படி_அக்கா:
தம்பி, துணி துவைக்கிற ரூம்னு சொன்னீங்களே, மெஷின் காத்து இழுக்கிற இடத்துல இருக்கிற ஃபில்டரை எப்பவாவது கழட்டிப் பார்த்தீங்களா? எங்க வீட்லயும் அதே ரூம்லதான் இருக்கு, ஒரு தடவை கழட்டினப்போ துணிப்பஞ்சு கம்பளி மாதிரி ஒட்டியிருந்துச்சு, விரலால உரிச்சு எடுத்தேன். நான் இப்போ மாசம் ஒரு தடவை குழாய்த் தண்ணில கழுவி நல்லா காய வச்சு மாட்டிடறேன், ஈரத்தோட மாட்டாதீங்க.

அடியில தேங்கிற தண்ணிக்கு பதறவேண்டாம். காத்து குளிரும்போது அதுல இருக்கிற ஈரம் தண்ணியா வடியும், ஏசில வர்ற மாதிரிதான், அதுக்குன்னு தனியா டிரெயின் டியூப் இருக்கும். தரையை சுத்தமா துடைச்சிட்டு டியூப் வாய், சேஃப்டி வால்வ், இன்லெட் ஜாயின்ட், டாங்க் அடி, நாலு இடத்துலயும் காய்ஞ்ச பேப்பர் போட்டு வைங்க, எது முதல்ல நனையுதுன்னு பாருங்க.

ஈரத்தரை:
அக்கா, சார், ரெண்டு பேருக்கும் நன்றி. ஃபில்டரைக் கழட்டினேன், அந்தப் பக்கம் வெளிச்சமே தெரியல, எட்டு மாசப் பஞ்சு! பேப்பர் போட்டதுல மெஷின் ஓரமா டிரெயின் டியூப் மாட்டியிருக்கிற இடம்தான் நனைஞ்சது, டாங்க் அடி காய்ஞ்சே இருக்கு, அப்பதான் உயிரே வந்துச்சு. டியூபை வெளிய கொண்டு போறப்போ ஒரு இடத்துல வாஷிங் மெஷின் பைப்புக்கு மேல ஏத்தி இறக்கியிருக்காங்க, அந்தப் பள்ளத்துல ஜவ்வு மாதிரி பாசி அடைச்சிருந்துச்சு. ஊதி எடுத்து சரிவா இறக்கி கிளிப் போட்டுட்டேன். கதவைத் திறந்து வச்சு மூணு நாளாச்சு, எலிமென்ட் லைட் எரியவே இல்ல.

உப்புத்தண்ணி:
நல்லது நண்பா, ஆனா யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு, அந்த 45 டிகிரி. டாங்க்ல தண்ணி 20லருந்து 45 டிகிரிக்குள்ள கிடந்தா லெஜியோனெல்லா கிருமி பெருகும், குளிக்கிறப்போ வர்ற சாரல் வழியா நுரையீரலுக்குப் போனா கடுமையான நிமோனியா வரும். வயசானவங்க வீட்ல இருந்தா இதுல அலட்சியமே கூடாது. 60ல வைங்க, கை பொள்ளாம இருக்க டாங்க் அவுட்லெட்ல மிக்ஸிங் வால்வ் போடுங்க. 60ல இருக்கிற தண்ணியோட பச்சைத்தண்ணி கலந்து குளிக்கிறதால அதே 200 லிட்டர் இன்னும் ரெண்டு பேருக்கு வரும், உங்க மூணாவது ஆள் பிரச்சனையும் இதுல பாதி தீரும்.

அப்புறம் வருஷம் ஒரு தடவை டாங்க் அடில படியிற கசடை வெளியேத்துங்க. எம்சிபியை ஆஃப் பண்ணி, இன்லெட்டை மூடி, ஒரு சுடுதண்ணிக் குழாயைத் திறந்து விட்டு, டிரெயின் வால்வ்ல ஹோஸ் மாட்டி விடுங்க, வர்ற தண்ணி கொதிக்கும், ஜாக்கிரதை. முடிஞ்சதும் டாங்க் நிரம்பி குழாய்ல காத்து இல்லாம தண்ணி வந்த பிறகுதான் கரன்ட் போடணும், காலி டாங்க்ல எலிமென்ட் ஓடினா நிமிஷத்துல கருகிடும். எனாமல் பூசின டாங்க்னா ஆனோடு ராடையும் பாருங்க, டாங்க் துருப்பிடிக்காம இருக்க அது தன்னைக் கரைச்சுக்குது. எங்களுது உப்புத்தண்ணி, ரெண்டு வருஷத்துல கழட்டினப்போ விரல் தடிமன் ராடு நடுக்கம்பி தெரியிற அளவுக்குப் போயிருந்துச்சு.

ஈரத்தரை:
60க்கு மாத்திட்டேன், வீட்ல அப்பா இருக்கார், இது தெரியாமலே இருந்திருக்கேன். மிக்ஸிங் வால்வுக்கு ப்ளம்பர்கிட்ட சொல்லியாச்சு. ராடு பார்க்கலாம்னு போனா நட்டு அசையவே மாட்டேங்குது, பலமா திருப்பினா டாங்கே சுத்துது.

கம்ப்ரசர்காரன்:
பைப்பெல்லாம் முறுக்கிடும் சார், நிறுத்துங்க. டாங்க்ல தண்ணி நிறைஞ்சே இருக்கட்டும், அந்தக் கனம் உதவும். கரன்ட்டையும் இன்லெட்டையும் மூடி, ஒரு குழாயைத் திறந்து பிரஷர் இறங்கினதும் பத்து லிட்டர் மட்டும் எடுத்துடுங்க, ஒருத்தர் டாங்கைக் கட்டிப் பிடிச்சுக்கணும், நீங்க நீளக் கைப்பிடி சாக்கெட்ல சின்னச் சின்னதா தட்டித் தட்டித் திருப்புங்க. ப்ளம்பர்கிட்ட இம்பேக்ட் ரெஞ்ச் இருந்தா மிக்ஸிங் வால்வ் மாட்ட வர்றப்பவே எடுத்துட்டு வரச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை. திரும்ப மாட்டுறப்போ மரையில டெஃப்லான் டேப் சுத்த மறக்காதீங்க.