நோர்வேயில் முடிவெடுப்பது யார்? புதிதாக வந்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில் கணவரோடு வந்து சேர்ந்த ஒரு தங்கை கேட்டார்: "அண்ணை, இங்கே அரசரும் இருக்கிறார், பிரதமரும் இருக்கிறார். என் பிள்ளைக்குப் பார்னஹாகேயில் இடம் கிடைக்காவிட்டால் நான் யாரிடம் போவது?" பாலர் பள்ளியைத்தான் இங்கே பார்னஹாகே என்பார்கள். நல்ல கேள்வி. இந்த நாட்டை யார் ஆளுகிறார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் என் அனுபவம் ஒன்று. வந்த முதல் வருடம் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நான் விண்ணப்பித்த உதவி மறுக்கப்பட்டிருந்தது. முதற் பக்கத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்து, இல்லை என்கிறார்கள் என்று விளங்கியதும் மடித்து வைத்துவிட்டேன். ஐந்தாவது வாரம் வீட்டுக்கு வந்த ஓர் அக்கா கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மூன்று வாரத்துக்குள் முறையிடலாம் என்று எழுதியிருக்கிறார்களே, ஏன் விட்டீர்கள்?" என்றார். நேரம் போய்விட்டது. அரச கடிதத்தை எதிர்த்து எழுதலாம், அது சாதாரண விடயம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. புதிதாக வருகிற யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, அரசரிலிருந்து தொடங்குவோம்.

நோர்வேயின் அரசியலமைப்பு 1814 மே 17 இல் கையெழுத்தானது. ஒஸ்லோவுக்கு வடக்கே ஐட்ஸ்வொல் என்ற இடத்தில் ஒரு பெரிய வீட்டில் 112 பேர் சில வாரங்கள் கூடியிருந்து எழுதியது. இன்றும் நடைமுறையில் இருக்கிற, எழுதப்பட்ட அரசியலமைப்புகளில் உலகின் மிகப் பழையவற்றில் ஒன்று. அதை வாசித்தால் பயந்துவிடுவீர்கள். நிறைவேற்று அதிகாரம் அரசரிடம் இருக்கிறது, அமைச்சர்களை அரசரே தெரிவு செய்கிறார் என்றெல்லாம் இருக்கும். ஆனால் அங்கே அரசர் என்று எழுதியிருக்கும் பெரும்பாலான இடங்களில் அரசாங்கம் என்றுதான் விளங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அமைச்சர்கள் அரண்மனைக்குப் போய் அரசரோடு கூடுவார்கள். அதற்குப் பெயர் ஸ்தாட்ஸ்ரோட். அரசர் கையெழுத்திடுவார். முடிவுக்குப் பொறுப்பு அமைச்சர்களுடையது. ஒக்டோபரில் நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்து அரசர் வாசிக்கிற உரையும் அரசாங்கம் எழுதிக் கொடுப்பதுதான்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. அமைச்சர்கள் யாருக்குப் பதில் சொல்வது, அரசருக்கா நாடாளுமன்றத்துக்கா என்று பல வருடம் இழுபறி நடந்தது. 1884 இல் அரசர் பக்கம் நின்ற அரசாங்கத்தை நாடாளுமன்றம் வழக்கு விசாரணைக்கு இழுத்துப் பதவி இழக்கச் செய்தது. கடைசியில் நாடாளுமன்றப் பெரும்பான்மையின் தலைவரான யொஹான் ஸ்வெர்த்ருப்பை அரசாங்கம் அமைக்க அழைப்பதைத் தவிர இரண்டாம் ஒஸ்கார் அரசருக்கு வேறு வழி இருக்கவில்லை. அன்றிலிருந்து நாடாளுமன்றத்தின் நம்பிக்கையை இழந்த அரசாங்கம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது வழக்கமானது. அந்த வழக்கத்தை அரசியலமைப்பில் எழுத்தில் சேர்த்தது 2007 இல்தான்.

அப்படியானால் அரசர் எதற்கு என்று இங்கே பிறந்த பிள்ளைகளே கேட்பார்கள். இரண்டு விடயம் சொல்வேன். 1905 இல் சுவீடனிலிருந்து பிரிந்தபோது டென்மார்க் இளவரசர் கார்லை அரசராக வரச் சொல்லிக் கேட்டார்கள். மக்களிடம் கேட்டு அவர்கள் சம்மதித்தால்தான் வருவேன் என்றார் அவர். நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் சரி என்றார்கள். அவர்தான் ஏழாம் ஹோக்கன். 1940 ஏப்ரலில் ஜெர்மனியர் நாட்டுக்குள் புகுந்து, தங்கள் ஆளான குவிஸ்லிங்கைப் பிரதமராக்கும்படி அதே அரசரிடம் கேட்டார்கள். அமைச்சர்களைப் பார்த்து, நீங்கள் இதற்கு இணங்குவதென்றால் இணங்குங்கள், ஆனால் நான் முடி துறந்துவிடுவேன் என்றார். அரசாங்கமும் அவரோடு நின்றது. இங்குள்ள முதியவர்கள் அரண்மனையைப் பற்றிப் பேசும்போது குரலில் வருகிற மரியாதைக்கு அந்த நாளும் ஒரு காரணம். எனக்கும் அந்த மரியாதை இருக்கிறது.

இனி ஸ்தூர்திங். இதுதான் நாடாளுமன்றம். ஒஸ்லோவில் கார்ல் யொஹான் வீதியில் மஞ்சள் செங்கல் கட்டடம். 169 பேர். 19 தேர்தல் மாவட்டங்களில் இருந்து விகிதாசாரப்படி வருகிறார்கள். 169 இடங்களில் 19 சமன்படுத்தும் இடங்கள், அதாவது வாங்கிய வாக்குக்குக் குறைவாக இடம் கிடைத்த கட்சிகளுக்கு அதை ஈடுசெய்யக் கொடுப்பவை. அவற்றில் பங்கு பெற நாடு முழுவதும் 4 சதவீத வாக்காவது ஒரு கட்சிக்கு வேண்டும்.

ஊரிலிருந்து வருகிற எங்களுக்கு இங்கே வித்தியாசமாகத் தெரிவது இரண்டு. ஒன்று, ஸ்தூர்திங்கைக் கலைக்க முடியாது. பிரதமராலும் முடியாது, அரசராலும் முடியாது. நாலு வருடம் என்றால் நாலு வருடம்தான். இடையில் அரசாங்கம் கவிழ்ந்தால், உள்ளே இருக்கிற அதே உறுப்பினர்கள்தான் அடுத்த வழியைத் தேட வேண்டும். இரவோடிரவாக நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டு வளர்ந்தவன் நான். இந்த ஒரு விதியை எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. மற்றது, அமைச்சரானவர் ஸ்தூர்திங்கில் உறுப்பினராக அமர்ந்து வாக்களிக்க முடியாது. அவருடைய இடத்துக்கு அவரின் கட்சிப் பட்டியலில் அடுத்தவர் வந்துவிடுவார். நூற்றுக்கணக்கில் அமைச்சுப் பதவி கொடுத்து ஆள் பிடிக்கிற வேலைக்கு இங்கே இடம் குறைவு.

அரசியலமைப்பை மாற்றுவதும் அவசரத்தில் நடக்காது. ஒரு ஸ்தூர்திங்கில் திருத்தத்தை முன்வைக்க வேண்டும். இடையில் தேர்தல் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிற ஸ்தூர்திங் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்க வேண்டும்.

இந்த அரசியலமைப்பு பிறந்தபோதே நல்லதாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1814 இன் இரண்டாம் பிரிவு யூதர்கள் நாட்டுக்குள் வருவதையே தடை செய்தது. ஹென்ரிக் வெர்கலான் என்ற கவிஞர் அதை எதிர்த்து ஆண்டுக்கணக்காக எழுதினார். அவர் 1845 இல் இறந்தார். தடை நீங்கியது 1851 இல். பெண்களுக்கு எல்லோருக்கும் சமமான வாக்குரிமை 1913 இல்தான் வந்தது. மனித உரிமைகளுக்கென்று தனி அத்தியாயம் 2014 இல் சேர்ந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம், பிள்ளையைப் பற்றிய முடிவில் பிள்ளையின் நலன் அடிப்படையான கவனிப்பாக இருக்க வேண்டும் என்பவை அதில் இருக்கின்றன. பிள்ளைகள் விடயத்தில் எந்த அலுவலகத்தோடு பேசும்போதும் 104 ஆம் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித்தான் தங்கையின் கேள்வி.

உங்கள் அன்றாட வாழ்க்கையில் பெரும்பகுதியை முடிவு செய்வது ஸ்தூர்திங்கும் இல்லை, அரண்மனையும் இல்லை. கொம்மூன. அதாவது உள்ளூராட்சி. நாட்டில் இப்போது 357 கொம்மூனகள். ஏறத்தாழ 200 பேர் வாழ்கிற உத்சீரா தீவும் ஒரு கொம்மூனதான், ஏழு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் உள்ள ஒஸ்லோவும் ஒரு கொம்மூனதான். சட்டம் இரண்டிடமும் அடிப்படையில் ஒரே கடமைகளைக் கேட்கிறது: பார்னஹாகே, பத்தாம் வகுப்பு வரை பள்ளி, குடும்ப வைத்தியர் சேவை, முதியோர் பராமரிப்பு, சிறுவர் பாதுகாப்பு, தண்ணீர், குப்பை, வீடு கட்டும் அனுமதி. ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு இதில் பலவற்றை 15 பீடெல்களில், அதாவது நகரப் பிரிவுகளில், உங்களுடையது பார்க்கும். அடுத்த படி ஃபில்கே, எங்களுடைய மாகாணம் மாதிரி. உயர்தரப் பள்ளி, பேருந்து, பிள்ளைகளின் பல் வைத்தியம் எல்லாம் அங்கே. ஒஸ்லோ மட்டும் கொம்மூனவும் ஃபில்கேயும் ஒன்றாகச் சேர்ந்தது. மருத்துவமனை, பொலிஸ், வரி, விசா எல்லாம் அரசின் கையில். வேலையும் உதவிக் கொடுப்பனவுகளும் பார்க்கிற நாவ் அலுவலகத்தில் அரசும் கொம்மூனவும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அதனால்தான் அங்கே ஒரு கடிதத்துக்கு ஒரு வழியும் இன்னொரு கடிதத்துக்கு வேறு வழியும் இருக்கும்.

ஆகவே தங்கை, பார்னஹாகேக்குக் கொம்மூனதான். இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கொம்மூன சொன்ன கடைசித் திகதிக்குள். ஓகஸ்ட் முடிவதற்குள் ஒரு வயதாகிற பிள்ளைக்கு, நேரத்துக்கு விண்ணப்பித்திருந்தால், அந்த ஓகஸ்டிலிருந்து இடம் கிடைப்பது சட்ட உரிமை. செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பரில் ஒரு வயதாகிறவர்களுக்கும் அந்தந்த மாதத்திலிருந்து அந்த உரிமை உண்டு. கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

கிடைக்காவிட்டால் வருகிற கடிதத்தில் 'வேத்தாக்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது சட்டப்படியான முடிவு. அப்புறம் 'க்லாகெஃப்ரிஸ்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதுதான் முறையிடுவதற்கான கால எல்லை. பொதுவாக மூன்று வாரம். நாவின் பல கொடுப்பனவுகளுக்கு ஆறு வாரம். முறையீட்டை, முதலில் முடிவெடுத்த அதே அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். இது பலரைக் குழப்புகிறது. முதலில் அவர்களே மறுபடி பார்ப்பார்கள். மாற்றாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்புவார்கள். பள்ளி விடயத்திலும் சமூக உதவித்தொகை விடயத்திலும் அந்த மேலிடம் ஸ்தாட்ஸ்ஃபொர்வால்தர், அதாவது மாவட்டத்தில் அரசின் பிரதிநிதி. குடிவரவு அலுவலகமான யூடிஐயின் விசா முடிவென்றால் ஊனே என்ற மேன்முறையீட்டுச் சபை. முறையிட எளிய நோர்வே மொழியில் நாலு வரி போதும். எந்த முடிவு, ஏன் பிழை, என்ன மாற வேண்டும். உங்கள் கோப்பைப் பார்க்கக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் கோப்பைக் கேட்டு வாங்கிவிட்டு எழுதுங்கள். ஏன் மறுத்தார்கள் என்று தெரியாமல் எழுதினால் அம்பு குறி தவறும்.

எல்லாப் படியும் ஏறி முடிந்தும் அநியாயம் என்று பட்டால் சிவில்ஒம்பூத் இருக்கிறது. நிர்வாகத்தைக் கண்காணிக்க ஸ்தூர்திங் நியமிக்கிற பதவி. காசு கட்டத் தேவையில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் முறையிட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அலுவலகத்துக்குப் போகும்போது பத்து வயது மகளை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். தேவையான இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரை வைக்க வேண்டியது அலுவலகத்தின் கடமை, 2022 இலிருந்து அதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 'தொல்க்' வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அம்மாவின் நோயையும் அப்பாவின் கடனையும் பிள்ளை தன் வாயால் சொல்ல வைக்கிற நிலை வேண்டாம்.

இன்னொரு தம்பி கேட்டிருந்தார்: குடியுரிமை கிடைக்கும் வரை நாங்கள் வெறும் பார்வையாளர்கள்தானே? இல்லை தம்பி. ஸ்தூர்திங் தேர்தலுக்குக் குடியுரிமை வேண்டும், உண்மை. ஆனால் கொம்மூன, ஃபில்கே தேர்தலுக்குக் குடியுரிமை தேவையில்லை. 18 வயதும், தேர்தல் நாளுக்கு முன் தொடர்ந்து மூன்று வருடம் குடித்தொகைப் பதிவில் இருந்ததும் போதும். மேலே நான் சொன்ன பார்னஹாகே, பள்ளி, முதியோர் இல்லம் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்குகிறவர்களை நீங்கள் தெரிவு செய்யலாம். எத்தனையோ பேர் இது தெரியாமல் இரண்டு தேர்தலை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது மனவருத்தம்.

கொம்மூன வாக்குச்சீட்டில் கட்சியைத் தெரிவு செய்துவிட்டு, பட்டியலில் உங்களுக்குப் பிடித்தவர்களுக்குத் தனி வாக்கும் கொடுக்கலாம். வேறு கட்சிப் பட்டியலில் இருக்கிற ஒருவரின் பெயரையும் சேர்க்கலாம். பட்டியலில் கீழே இருப்பவர்கள் இப்படி மேலே வருவதுண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்த கம்சாயினி குணரத்தினம் 2015 இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021 இல் ஸ்தூர்திங்குக்குப் போனார். அவர் அரசியலைத் தொடங்கியதும் உள்ளூரில்தான்.

தேர்தல் வரை காத்திருக்கவும் வேண்டாம். கொம்மூன சபைக் கூட்டங்களைப் போய் இருந்து பார்க்கலாம். அங்கே வாழ்கிற 300 பேர் கையெழுத்திட்டு ஒரு யோசனை கொடுத்தால் சபை அதை எடுத்துத் தீர்மானிக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்திடுபவரின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தமிழ்ப் பள்ளியின் பெற்றோரும் உறவினரும் சேர்ந்தாலே 300 வந்துவிடும். வீதி விளக்கு, பிள்ளைகள் கடக்கிற பாதை, விளையாட்டு மண்டபத்தில் நேரம், எதுவாகவும் இருக்கலாம்.

இரட்டைக் குடியுரிமை பற்றியும் கேட்கிறார்கள். 2020 ஜனவரி 1 இலிருந்து நோர்வே அனுமதிக்கிறது. உங்கள் பழைய நாடு அனுமதிக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனம், இந்தியா அனுமதிப்பதில்லை.

கடைசியாக ஒரு அக்கா அனுப்பிய கேள்வி: "நான் 2024 மார்ச்சில் வந்து பதிந்தேன். அடுத்த கொம்மூனத் தேர்தலில் வாக்களிக்கலாமா?" அடுத்தது 2027 செப்டெம்பரில். இடையில் நாட்டைவிட்டுப் போய்ப் பதிவை நீக்காமல் இருந்தால் உங்களுக்கு மூன்று வருடம் நிறைந்துவிடும், அக்கா. வீடு மாறினால் முகவரியை உடனே மாற்றிவிடுங்கள், எந்தக் கொம்மூனவில் உங்கள் பெயர் வரும் என்பது அதைப் பொறுத்தது. செப்டெம்பர் வரை பொறுக்கவும் வேண்டாம், ஓகஸ்டிலேயே முன்கூட்டி வாக்களிக்கும் இடங்கள் திறந்துவிடும். படமுள்ள அடையாள அட்டை வேண்டும். கடவுச்சீட்டை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.