கேட்டிலிருந்து போர்டிகோ வரை என்ன போட்டீர்கள்? பட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாதவரம்:
வீட்டில் பூச்சு வேலை முடிந்துவிட்டது. கேட்டிலிருந்து போர்டிகோ வரை 10 அடி அகலம், 32 அடி நீளம் இன்னும் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. ஒரு கார், இரண்டு பைக் நிற்கணும். மேஸ்திரி பார்க்கிங் டைல்ஸ் போடச் சொல்கிறார். மச்சான் பேவர் பிளாக்தான் (கலவை வைக்காமல் அடுக்குகிற கான்கிரீட் கல்) என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அம்மா, "சிமெண்ட் தரை போடுப்பா, கோலம் போட வசதியா இருக்கும்" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைக்குப் போனால் எல்லாமே நல்ல சரக்கு என்கிறார்கள். நம்ம வடசென்னை மண்ணையும் தண்ணீரையும் பார்த்தவர்கள் சொன்னால் நம்பலாம்.

திருவொற்றியூர்:
2019-ல் பார்க்கிங் டைல்ஸ் போட்டவன் நான். முதல் இரண்டு வருடம் வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது டக்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு டைல்ஸின் மூலை உடைந்து உள்ளே இறங்கியிருந்தது. சந்தேகம் வந்து, ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். பாதிக்கு மேல் காலிக் குடம் மாதிரி ஒலித்தது.

உடைந்ததைப் பெயர்த்தபோதுதான் புரிந்தது. நாலு மூலைக்குச் சற்றுத் தள்ளி நாலு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை என்று கலவையை வைத்து, மேலே டைல்ஸை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். மூலைக்குக் கீழே வெறும் காற்று. ஆள் நடந்தால் தாங்கும், கார் ஏறினால் எப்படித் தாங்கும்? மாற்றலாம் என்றால் அந்த டிசைன் இப்போது வருவதில்லையாம். எங்கள் வாசலில் நாலு டைல்ஸ் மட்டும் வேறு நிறத்தில், ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது.

எங்கள் போர் தண்ணீர் வேறு உப்பு. இணைப்புக் கோடுகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். துடைத்தால் போகும், கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடும். டைல்ஸ்தான் என்றால், கலவை அடியில் முழுக்கப் பரவுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். டீ வாங்கக்கூடப் போகாதீர்கள்.

ராயபுரம்:
உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொன்னது சரி. நாங்கள் கம்பி கட்டி நாலு இஞ்ச் கான்கிரீட் போட்டோம். போர் தண்ணீரிலேயே கலந்து, அதிலேயே நனைத்தார்கள். ஐந்தாறு வருடத்தில் கம்பி துருப்பிடித்து உப்பி, தரை கம்பி போன வழியெல்லாம் கோடு கோடாக வெடித்தது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ன்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு (கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற உப்பு) லிட்டருக்கு 500 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. கம்பி இல்லை என்றால் 2,000 வரை பரவாயில்லை. இதை எனக்குச் சொன்ன இன்ஜினியர் எல்லாம் வெடித்த பிறகுதான் வந்தார். கான்கிரீட் போடுவதானால் ஒரு லாரி நல்ல தண்ணீர் வாங்கிவிடுங்கள் சார். உங்கள் அளவுக்கு ஒன்றே போதும்.

எர்ணாவூர்:
எங்கள் கதை கொஞ்சம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவுக்குள் தண்ணீர் மட்டும் வரவில்லை, எண்ணெயும் வந்தது. வடிந்த பிறகு பார்த்தால் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அந்த நாற்றம் பொங்கல் வரைக்கும் போகவில்லை.

வாசற்படி கிரானைட். துணியும் சோப்பும் போட்டுத் தேய்த்ததில் அது தெளிந்துவிட்டது. பேவர் பிளாக் எண்ணெயை அப்படியே குடித்துவிட்டது. ஆசிட் ஊற்றினோம், நிறம்தான் வெளுத்தது, கறை அப்படியே இருந்தது. கடைசியில் என் கொழுந்தனார் கடப்பாரையை வைத்து ஓரத்தில் ஒரு கல்லை நெம்பினார். அடிப்பக்கம் பழைய சிமெண்ட் நிறத்தில் சுத்தமாக இருந்தது. இரண்டு ஆள் வைத்து எல்லாவற்றையும் பெயர்த்துக் குப்புறப் போட்டோம். மேலே இருந்த சிவப்பு நிறம் போச்சு, விளிம்பும் அவ்வளவு அழகாக இல்லை. ஆனால் புதுக் கல் வாங்கவில்லை. டைல்ஸோ கான்கிரீட்டோ இருந்தால் இதைச் செய்திருக்க முடியுமா?

பெரம்பூர்:
வெள்ளமே வராவிட்டாலும் பெயர்க்க வேண்டி வரும் மேடம். பழைய தார் ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போடணும் என்பது விதி. எங்கள் தெருவில் எத்தனை தடவை அதன் மேலேயே போட்டார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். 2012-ல் ரோட்டைவிட ஒரு அடி உயரமாக இருந்த எங்கள் வாசல் இப்போது ரோட்டுக்குக் கீழே. எங்களுடையது கான்கிரீட், அதனால் மேலே இன்னொரு கான்கிரீட். கேட் அடியில் இடிக்க, கேட்டையும் வெட்டித் தூக்கி வைத்தோம். எதிர்வீட்டில் பேவர். கல்லை எடுத்து ஓரமாக அடுக்கி, ஒரு யூனிட் (நூறு கன அடி) டஸ்ட், அதாவது கல்குவாரித் தூள் கொட்டி, அதே கல்லைத் திரும்பப் போட்டார்கள். மூன்றே நாள். நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொடுங்கையூர்:
நான் பேவர் வேலை எடுத்துச் செய்கிறவன். அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கழித்தே கேளுங்கள். பேவர் போட்டால் பள்ளம் விழும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, உண்மைதான். ஆனால் பெரும்பாலும் தப்பு கல்லில் இருக்காது, கீழே இருக்கும். சவுடு (நிரப்புகிற மண்) கொட்டித் தண்ணீர் ஊற்றி, மறுநாளே கல்லை அடுக்கியிருப்பார்கள்.

மாதவரம் சார், உங்கள் பக்கம் ஏரியை ஒட்டிய இடமென்றால் களிமண் இருக்கும். மழையில் ஊதும், சித்திரை வெயிலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதை முக்கால் அடியாவது எடுத்துவிடுங்கள். ஆறு இஞ்ச் கனத்துக்கு ஜல்லியும் டஸ்டும் கலந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, மெஷின் வைத்து அடிக்கணும். அதன் மேல் ஒன்றரை இஞ்ச் டஸ்ட், அப்புறம்தான் கல். காருக்கு 60 எம்எம் போதும். தண்ணீர் லாரி பின்சக்கரம் கேட்டுக்குள் ஏறும் என்றால் அந்த இடத்துக்கு 80 எம்எம். 9,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 9 டன்.

ரப்பர் மோல்டில் வார்த்த பளபளப்பான கல் கடையில் கண்ணைப் பறிக்கும், மழையில் பைக் வழுக்கும். மெஷினில் அழுத்திய சொரசொரப்பான கல்லை வாங்குங்கள். வரிசையாக அடுக்காமல், மீன் முள் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கச் சொல்லுங்கள், டயர் திரும்பும்போது கல் நகராது. இரண்டு ஓரமும் கெர்ப் கல்லைக் கான்கிரீட்டில் நட்டே ஆகணும். இல்லாவிட்டால் ஓரக் கல் முதலில் போகும், பின்னாலேயே மற்றதெல்லாம் போகும்.

வாட்டத்தை மறந்துவிடாதீர்கள். அடிக்குக் கால் இஞ்ச். உங்கள் 32 அடிக்கு 8 இஞ்ச் இறக்கம் வேண்டும். கேட்டுக்கு உள்ளேயே குறுக்காக ஒரு வாய்க்கால், மேலே சல்லடை மூடி. ரோட்டில் ராம்பை நீட்டினால் மாநகராட்சி வண்டி வந்து இடித்துவிட்டுப் போகும், அதையும் பார்த்திருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை:
எல்லோரும் பேவர் பேவர் என்கிறீர்கள். அம்மா சொன்னதையும் கொஞ்சம் கேளுங்கள் சகோ. எங்கள் வீட்டில் பேவர் மேல்தான் கோலம் போடுகிறேன். புள்ளி வைத்தால் நேராக நிற்காது, இழை ஒவ்வொரு இடுக்கிலும் விழுந்து உடையும். அரிசி மாவுக்கு எறும்பு வருகிறது. வந்தது மாவை மட்டுமா எடுக்கிறது? இடுக்கில் இருக்கும் மணலையும் தோண்டி மேலே குமித்து வைத்துவிடுகிறது. மாதம் ஒருமுறை மணலைத் தூவிப் பெருக்கிவிடுவதே எனக்கு வேலை.

மாதவரம்:
எல்லோருக்கும் நன்றி. பேவர் என்று முடிவு செய்துவிட்டோம், 60 எம்எம், கேட் பக்கம் மட்டும் 80. களிமண்ணை எடுக்க நாளை ஆள் வருகிறது. எட்டு இஞ்ச் வாட்டத்துக்கு மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். டேப்பைப் பிடித்து அளந்து காட்டியதும் சரி என்றார்.

கோலத்துக்கு கேட்டுக்கு உட்பக்கம் ஓர் ஓரமாக, டயர் ஏறாத இடத்தில், நாலுக்கு நாலு சிமெண்ட் தரை விடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கையால் அளந்து பார்த்துவிட்டு, "மார்கழிக்குப் பத்தாதே" என்கிறார். கார் எவ்வளவு அகலம் என்று நாளைக்கு மறுபடியும் அளக்கணும்.