ஜிடிபி அட்டவணையின் அடிவரிக்கு ஒரு சொல்: 'கணக்கு உதைப்பு'

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, அட்டவணையின் அடிவரியில் 'Discrepancies' என்று வருவதற்கு நம் கலைச்சொல் பதிவில் 'புள்ளியியல் முரண்பாடு' என்றே போட்டுவிடலாம் என்று நேற்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. 'பிழை'யும் வேண்டாம் என்பேன்.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். இரவு கடை சாத்தும் முன் இரண்டு கணக்குப் பார்ப்பார். சரக்கு நோட்டைப் பார்த்து, போன சரக்குக்கு ஒரு தொகை போடுவார். அப்புறம் கல்லாவை எண்ணுவார். வியாபாரம் ஒன்றுதான், ஆனால் இரண்டு தொகையும் நேரான நாள் எனக்கு நினைவில்லை. "நாப்பது ரூபா உதைக்குதேடா" என்பார். கொஞ்ச நேரம் தேடுவார். கிடைக்காவிட்டால் பக்கத்தின் கீழ்மூலையில் 40 என்று எழுதி, முன்னால் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடுவார். நேராக்குவதற்காக எந்த எண்ணையும் தொடமாட்டார்.

நாட்டுக் கணக்கில் அந்தக் கீழ்மூலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். மொத்த உள்நாட்டு உற்பத்தியை உற்பத்தி வழியாகவும் (என்னென்ன உண்டாக்கினோம் என்று) கூட்டலாம், செலவு வழியாகவும் (அதை வாங்க யார் யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று) கூட்டலாம். ஒரே தொகை வரவேண்டும், வருவதில்லை. இந்தியாவில் உற்பத்தி வழியை உறுதியானதாக எடுத்துக்கொண்டு, வித்தியாசத்தைச் செலவு அட்டவணையின் அடியில் தனி வரியாகக் காட்டுகிறார்கள். 2023 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் வளர்ச்சி 7.8 சதவீதம் என்று அறிவித்தபோது சண்டை மூண்டது இந்த ஒரு வரியை வைத்துத்தான். செலவு வழியில் பார்த்தால் வளர்ச்சி மிகக் குறைவு என்று பொருளியலாளர் அசோகா மோடி எழுதினார், நிதி அமைச்சகம் மறுத்தது. 2025 நவம்பரில் பன்னாட்டு நாணய நிதியம் இந்தியாவின் தேசியக் கணக்குகளுக்கு 'சி' தரம் (கீழிருந்து இரண்டாவது) கொடுத்தபோதும், அவ்வப்போது பெரிதாகும் இந்த வித்தியாசத்தைக் குறிப்பிட்டது.

அந்தக் கணக்குகளில் ஏன் உதைத்தது? தள்ளுவண்டிக்காரரும் முடிதிருத்துபவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாருக்கும் கணக்குக் கொடுப்பதில்லை. பழைய ஆய்வையோ பெரிய நிறுவனங்களின் போக்கையோ வைத்து அவர்கள் வருமானத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. குடும்பங்களின் செலவும் வீடு வீடாகக் கேட்டு எழுதியதல்ல. விளைந்த, செய்த பொருளில் எவ்வளவு வீடுகளுக்குப் போயிருக்கும் என்று பெரும்பாலும் கணித்தார்கள். விலைவாசி ஏற்றத்தைக் கழிக்கும் குறியீடுகளும் இரு பக்கமும் ஒன்றாக இல்லை. எந்தப் பக்கம் தவறியது என்று யாருக்கும் தெரியாத ஒன்றை எப்படிப் 'பிழை' என்பது? 'முரண்பாடு' என்றாலோ, யாரோ முன்னுக்குப் பின் முரணாகப் பேசியதாகத் தொனிக்கிறது. வித்தியாசத்தை மறைக்காமல் எழுதிவைத்தவரைக் குற்றவாளி ஆக்கும் சொல் நமக்கு வேண்டாம்.

'அனாமத்து' என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அனாமத்துக் கணக்கு, காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டுவைத்து, தெரிந்ததும் மூடிவிடும் கணக்கு. இங்கே அடுத்தடுத்த திருத்தங்களில் தொகை மாறியதே தவிர, வரி போகவில்லை. 'எச்சம்' புள்ளியியலில் வேறு பொருளில் புழங்குகிறது, தவிர 'மீதி' போலவே கழித்தல் குறியோடு ஒட்டாது. 'செலவு' என்று தொடங்கும் சொற்களும் உதவா. அமெரிக்காவில் செலவு வழிதான் உறுதியானது என்று கொண்டு, வித்தியாசத்தை, வருமானங்களைக் கூட்டிக் கணக்கிடும் பக்கத்தில் வைக்கிறார்கள்.

ஒரு திருத்தம். 2023 அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக்கு முதலில் வெளியான 8.4, 6.5 சதவீதங்களை ஒரு நண்பர் இதற்கு எடுத்துக்காட்டாகத் தந்திருந்தார். அது வேறு. முதலாவது ஜிடிபி வளர்ச்சி, மற்றது மொத்த மதிப்புக்கூட்டலின் (ஒவ்வொரு தொழிலும் உற்பத்தியில் சேர்த்த மதிப்பின் கூட்டுத்தொகை) வளர்ச்சி. நடுவில் நிற்பது மானியம் போக உள்ள வரி. அந்தக் காலாண்டில் மானியம் குறைந்ததால் இரண்டும் விலகின. அதைக் கலைச்சொல் பதிவில் சேர்க்க வேண்டாம்.

சரி, என் சொல்: கணக்கு உதைப்பு. 'கணக்கு உதைக்கிறது' என்பது கடைத்தெருவில் எல்லார் வாயிலும் இருக்கிறது. கூடினாலும் உதைக்கும், குறைந்தாலும் உதைக்கும். எந்தப் பக்கம் தவறு என்று அது சொல்வதில்லை, சேரவில்லை என்று மட்டும் சொல்கிறது. கொச்சை என்பீர்களானால், பட்ஜெட்டில் 'துண்டு விழுகிறது' என்று நாளிதழ்கள் எழுதுவதை யாரும் கொச்சை என்பதில்லை.

பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "கணக்கு உதைப்பு: ஒரே மொத்தத்தை வெவ்வேறு வழிகளில் கணக்கிடும்போது வரும் தொகைகளின் வித்தியாசம், கூட்டல் அல்லது கழித்தல் குறியுடன் தரப்படும்." பன்மை வேண்டுமா என்பதில் மட்டும் தயக்கம். நம் அரசு அட்டவணையின் ஆங்கிலத் தலைப்பு பன்மையில் இருக்கிறது, ஆனால் 'உதைப்புகள்' காதுக்கு நன்றாக இல்லை. ஒருமையிலேயே விடலாமா?