ஸ்பிரின்ட் தவறாமல் நடக்கிறது, ஆனால் வேலை நகரவில்லை: பிழை எங்கே?

கேள்வி

வணக்கம். ஒன்பது பேர் கொண்ட எங்கள் மென்பொருள் குழு, வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்கிரம் முறைக்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் மாறியது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் (வேலைச் சுற்று), தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டாண்ட்-அப் என்னும் குறுங்கூட்டம், முடிவில் நடந்ததை அலசும் ரெட்ரோ என எல்லாம் நாள் தவறாமல் நடக்கின்றன. ஆனால் ஸ்டாண்ட்-அப் நாற்பது நிமிடம் ஓடுகிறது; மேலாளர் வேலைகளைப் பதிவுசெய்யும் மென்பொருளான ஜிராவைத் திரையில் திறந்துவைத்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க, நாங்கள் அவருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறோம். சென்ற காலாண்டில், வெலாசிட்டி (ஒரு ஸ்பிரின்டில் முடிக்கும் வேலையின் புள்ளிக் கணக்கு) 30இலிருந்து 40 ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. இரண்டே ஸ்பிரின்டில் 41ஐத் தொட்டோம். வாடிக்கையாளர் கைக்குப் போன வேலையோ பழைய அளவுதான். இந்த முறையே எங்களுக்குப் பொருந்தவில்லையா, நாங்கள் பின்பற்றும் விதம் பிழையா?

பதில் 1

41 வந்த கதை உங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். முன்பு 3 புள்ளி போட்ட வேலைக்கு இப்போது 5 போடுகிறீர்கள். நான் முன்பு இருந்த குழுவில், லாகின் பக்கத்தில் ஒரு பிழைச்செய்தியின் வாசகத்தை மாற்றுவதற்கு 5 புள்ளி போட்டோம். யாரும் சிரிக்கக்கூட இல்லை. இந்தப் புள்ளிக்கான ஸ்டோரி பாயின்ட் என்ற சொல்லே ஸ்கிரம் முறையை விளக்கும் ஸ்கிரம் வழிகாட்டியில் கிடையாது. அடுத்த சுற்றில் எவ்வளவு வேலையை ஏற்கலாம் என்று குழு தனக்குள் கணித்துக்கொள்ள, எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு மென்பொருள் முறை வழியாக வந்த அளவு அது. அதை ஒருவேளை தாமே கண்டுபிடித்திருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் அந்த முறையின் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் எழுதியிருக்கிறார். குழுவின் கணிப்பை மேலிடம் இலக்காக்கிய அன்றே அந்த எண் செத்துவிட்டது.

பதில் 2

மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் மேலாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியாகப்படவில்லை. வாராவாரம் அவரும் யாருக்கோ எக்செல் அனுப்பியாக வேண்டும். உங்கள் ஒப்பந்தம் எத்தகையது என்று நீங்கள் சொல்லவில்லை. வேலையின் அளவு, விலை, தேதி மூன்றும் கையெழுத்தாகிவிட்ட திட்டத்தில் ஸ்பிரின்ட் என்பது எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு வரிசையாகச் செய்யும் பழைய வாட்டர்ஃபால் முறையை இரண்டு வாரத் துண்டுகளாக நறுக்குவதுதான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய, ஸ்கிரம் போன்ற முறைகளுக்குப் பொதுவான அஜைல் அறிக்கை, ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பதையே மேலாக வைத்தது; பல இடங்களில் முதலில் கைவிடப்படுவது அந்த வரிதான்.

ஸ்டாண்ட்-அப்பைப் பொறுத்தவரை, வழிகாட்டி தருவது 15 நிமிடம்; அது உருவாக்குநர்கள் அன்றைய வேலையைத் தமக்குள் திட்டமிடும் கூட்டம். ஸ்பிரின்டில் எடுத்துக்கொள்ளும் வேலையைக் குழுவின் வாக்குறுதி என்று சொல்லாமல் கணிப்பு என்று சொல்ல வேண்டும் என 2011இலேயே வழிகாட்டியைத் திருத்திவிட்டார்கள். நம் அலுவலகங்களில் இன்றும் ‘கமிட்மென்ட்’ என்றே பேசுகிறோம், முடியாதபோது விளக்கம் கேட்கிறோம்.

பதில் 3

ஒரே ஒரு கேள்வி: பத்து வேலை நாளில் டெஸ்டர் (சோதிப்பவர்) கைக்கு பில்ட், அதாவது ஓட்டிப் பார்க்கும் நிலையிலுள்ள மென்பொருள், எந்த நாளில் வருகிறது? எங்களுக்கு ஒன்பதாம் நாள் மாலை வந்துகொண்டிருந்தது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஜிராவில் பழைய டிக்கெட்டுகளை (வேலைப் பதிவுகளை) தேடிப் பார்த்தேன். ஒரு படிவத்தில் கூடுதல் புலம் சேர்க்கும் வேலைக்கு மார்ச்சில் 2, ஜூலையில் 5. இரண்டையும் மதிப்பிட்டதில் நானும் ஒருவன். ஒப்பந்தம் நிலையான விலைதான். டெஸ்டருக்கு எட்டாம் நாளுக்கு முன் எதுவும் போவதில்லை. மீதி அடுத்த ஸ்பிரின்டுக்கு வழிகிறது, ஆனால் புள்ளிகள் இந்த ஸ்பிரின்டிலேயே கணக்காகிவிடுகின்றன. ஒப்பந்தத்தை என்னால் தொட முடியாது. டெஸ்டர் முடித்ததை மட்டுமே ‘முடிந்தது’ என்று எண்ண வேண்டும் என நாளைய ரெட்ரோவில் கேட்கப்போகிறேன். 41 எவ்வளவுக்கு இறங்கும் என்று தெரியவில்லை. மேலாளரிடம் அதை இன்று மாலையே தனியாகச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.